டீச்சர் சின்ன போர்ட்டுக்கு மாறிய கதை

1. "இனி வரேல்ல"

அன்று காலை ராஜி டீச்சர் மறுபடியும் தண்ணீரில் விழுந்தார். பொல்கொட ஏரியில் எங்கள் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு அவர் சொன்னார்:

"அன்ரன், இதுதான் கடைசி. இனி நான் வரேல்ல."

நான் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவியிடம் பேச்சு வாங்கி முடியாது என்று இந்த ஏரிக்கரையில் வேலைக்குச் சேர்ந்தேன். நின்றபடியே துடுப்புப் போடும் மிதவைப் பலகைக்கு இங்கே போர்ட் என்று பேர்; அதில் ஆட்களை ஏற்றி, விழாமல் நிற்கப் பழக்குவது என் வேலை.

டீச்சரும் அவருடைய கணவர் பாலன் சேரும் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து வருவார்கள். இருவருக்கும் ஒரே போர்ட், எங்களிடம் இருப்பதிலேயே பெரியது. சேர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். டீச்சர் பின்னால் நின்று துடுப்புப் போடுவார். சேரின் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "ராஜி, இடது பக்கம். ராஜி, அங்க பார், கொக்கு." உடனே டீச்சர், "தெரியும், சும்மா இருங்கோ" என்பார். ஏரி முழுக்க இந்தச் சத்தம் கேட்கும். நாங்கள் கரையில் இருந்து சிரிப்போம்.

பிறகு சேருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பல மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சேர் ஊன்றுகோலோடு கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். டீச்சர் தனியாகப் பெரிய போர்ட்டை எடுத்தார். முன்னால் பாரம் இல்லாததால் காற்று அதைப் பிடித்துச் சுழற்றியது. முதலாளி நிமல் பதறிப்போய்ச் சிங்களத்தில் கத்தினார்: "அன்ரன் அய்யே, பொடி எக்க தென்ன!" சின்னதைக் கொடு என்கிறார். கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் விழுகைதான்.

2. சின்னதின் குணம்

பெரிய போர்ட் நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். சின்னது முசுடு, உடனே காட்டிவிடும். நடுவில் தூக்குவதற்கு ஒரு கைபிடி இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் பாதத்தை வைத்து, முழங்காலைத் தளர்த்தி, தூரத்தில் பார்வையை வைக்க வேண்டும். சும்மா நின்றால் ஆடும், துடுப்புப் போட்டால் ஆட்டம் குறையும். இதையெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். டீச்சர் தலையாட்டுவார். ஏறியதும் ஓரடி பின்னுக்குப் போய் நிற்பார். பின்பக்கம் அமிழும், மூக்கு கிளம்பும், ஆள் தண்ணீரில்.

அன்று "கடைசி" என்று அவர் சொன்னது கரைக்கும் கேட்டுவிட்டது. சேர் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

"அன்ரன்... நான் ஏலாமப் போனதால அவவும் விட்டிட்டா எண்டா, என்னால தாங்க ஏலாது."

திரும்பத் தண்ணீருக்குள் இறங்கினேன்.

"டீச்சர், எனக்காக ஒரே ஒரு தடவ. கைபிடிகிட்டயே நில்லுங்க. ஏன் பின்னுக்குப் போறீங்க?"

"நடுவில நிண்டா இவர் எங்க இருக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வாரமும் நான் அவர் காலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவரோ சேருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்.

3. கதிரை

நான் கரையேறி, கதிரையைத் தூக்கிப்போய் இறங்குதுறையின் நுனியில் போட்டேன். சேரைத் தோளில் தாங்கி மெல்ல நடத்திக்கொண்டுபோய் அதில் உட்கார வைத்தேன். பிறகு டீச்சரைப் போர்ட்டில் ஏற்றி முழங்காலில் இருக்க வைத்து, கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டுபோய், மூக்கை இறங்குதுறைப் பக்கம் திருப்பினேன்.

"டீச்சர், சேர் முன்னுக்குத்தான் இருக்கார். கொஞ்சம் தள்ளி இருக்கார், அவ்வளவுதான். காலப் பாக்காம அவரப் பாத்து வாங்க."

எழுந்தார். போர்ட் ஆடியது. வழக்கம்போல் கால் பின்னுக்குத்தான் போனது. நான் பிடிக்கத் தயாரானேன்.

"ராஜி! இடது பக்கம்!"

"தெரியும், சும்மா இருங்கோ!"

அந்த எரிச்சலில் ஓரடி முன்னுக்கு வைத்துவிட்டார். பாதம் இரண்டும் கைபிடிக்குப் பக்கத்தில். மூக்கு இறங்கியது. துடுப்பை இழுத்தார், போர்ட் நேராக ஓடியது. இறங்குதுறைக் கட்டையைப் பிடித்ததும் மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, கண்டனீங்களே?"

சேர் நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கண்டனான். இடது பக்கம் இன்னும் பிழை."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய போர்ட்டிலிருந்து மாறிய ஒருவர் திரும்பத் திரும்ப விழுந்தால், காலைத் திருத்தப் போகுமுன் அவர் முன்பு யாரோடு போனவர் என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் போர்ட்டை இறக்குவதற்கு முன்பே, அந்தக் கதிரையைக் கொண்டுபோய் நுனியில் போட்டுவிடுகிறேன்.