வலி தெரியாத கால்

கொட்டாஞ்சேனையில் கருகிய மோட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் தியாகு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கரண்ட் அடித்திருக்கிறது, விரல் நசிந்திருக்கிறது, அதற்கெல்லாம் பயந்த ஆளில்லை. பயம் வந்தது பக்கத்து வீட்டு அஹ்ஸனின் காலில் கைவைத்த பிறகுதான்.

புறக்கோட்டையில் லொறியிலிருந்து மூட்டையோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவன் அஹ்ஸன். நடக்க வைக்கிற மெஷின் வெளிநாட்டில் உண்டு. அதன் விலைக்கு வீடே வாங்கலாம். தியாகு பழைய வேன்களில் கழற்றிய வைப்பர் மோட்டர் இரண்டை அலுமினியப் பட்டையில் பூட்டி, முழங்காலை மடக்கி நீட்டும் சட்டம் ஒன்று செய்தான். தன் காலில் போட்டுப் பார்த்தான். பிழையாக இழுத்தால் வலிக்கும், நிறுத்திவிடுவான். அஹ்ஸனுக்கு வலிக்காது. நாலு வருசம் பாரம் தாங்காத எலும்பு, முறிந்தாலும் அவனுக்குத் தெரியாது. அந்த நினைப்பில் தியாகுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை சட்டத்தை மாட்டினார்கள். பிடித்து நிற்க இரண்டு பக்கமும் கம்பி, அஹ்ஸனின் விரலுக்கடியில் பட்டன்: அழுத்தினால் மோட்டர் ஓடும், விட்டால் நிற்கும்.

"அண்ணன்ட மூஞ்சப் பாருங்க, அவருக்குத்தான் ஒப்பரேசன் போல," என்று மனைவி ஷபீகாவிடம் சொல்லிச் சிரித்தான் அஹ்ஸன்.

"வாயப் பொத்திட்டுக் கம்பியப் புடிடா."

ஷபீகா அவன் இடுப்புப் பட்டியைப் பிடித்தாள். வலது கால் முன்னே போய் நின்றது. இடது கால் பாதியில், அவன் உட்கார்ந்திருந்த கதிரையின் காலில் தடக்கியது. அஹ்ஸன் பட்டனை விட்டான். மோட்டர் நிற்கவில்லை.

வைப்பர் மோட்டரின் குணம் அது. நிறுத்தினாலும், வைப்பர் படுக்கிற இடத்துக்குப் போய்த்தான் ஓயும். அதற்கென்று ஒரு வயர் உண்டு. முதலில் பூட்டிய இரண்டிலும் தியாகு அதை வெட்டியிருந்தான். ஆனால் இடது மோட்டர் சூடாகிறதென்று நேற்றுத்தான் வேறொன்று மாற்றினான். அவசரத்தில் வயரை வெட்டவுமில்லை, தன் காலில் போட்டுப் பார்க்கவுமில்லை.

பாய்ந்து பேட்டரியைப் பிடுங்குவதற்குள் 'டக்' என்றது.

"என்ன சத்தம்?" ஷபீகா கத்தினாள்.

"ஒன்டுமில்ல. நோவல்ல," என்றான் அஹ்ஸன்.

தியாகு சட்டத்தருகே குந்தினான். பட்டை, ஆணி, மூட்டு என்று தடவிப் பார்த்தான். சட்டத்தில் எதுவுமே உடையவில்லை.

திரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்க்கால் எலும்பில் மயிரளவு கீறல். ஆறு கிழமை பிளாஸ்டர், ஒன்றரை மாசம்.

"ஆறு கிழமதானே. அதுக்குள்ள சரிக்கட்டுங்கண்ணே," என்றான் அஹ்ஸன். தியாகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷபீகா ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்துதான் தியாகுவிடம் பேசினாள். "நிப்பாட்டுற சுவிட்சு இனி என்ட கையில இருக்கணும்."

தியாகு கடைக்கு வந்து இடது மோட்டரின் வயரை வெட்டினான். சுவிட்சைப் போட்டான், விட்டான். மோட்டர் நின்றது. திரும்பப் போட்டான், விட்டான். நின்றது. நாற்பது தடவை பார்த்தும் நம்பிக்கை வரவில்லை.