பேரிகைத் தக்காளியில் எனக்கு வந்த சந்தேகம்

2009 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நான் ஓசூர் பக்கத்துப் பேரிகைக்குப் போனதற்கு ஒரே காரணம் சந்தேகம். பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, அது எந்த இனம், எந்தக் கிளை என்று பிரிப்பது என் வேலை. அந்த ஊர் விவசாயி முனிராஜின் மேட்டு நிலமான மேல்கொல்லையில் தக்காளி முழுக்க வாடிப்போயிருந்தது. கிருமி நாற்றோடு வந்ததா, மண்ணில் இருந்ததா? அது தெரிந்தால்தான் மிச்சமிருக்கும் கீழ்க்கொல்லையில் அவர் தக்காளி நட முடியும்.

வாடிய செடி ஒன்றையும், நடாமல் மிஞ்சிய நாற்றுத் தட்டுகளில் ஒன்றையும் அனுப்பியிருந்தார். இரண்டிலும் ஒரே இனக் கிருமி. அதுகூடப் பரவாயில்லை, மரபணுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்று! "நாற்றில்தான் வந்திருக்கு" என்று ஆய்வகத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் அமைந்ததே இல்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டேகாலுக்கு ஓசூர். அங்கிருந்து பேரிகைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கண்டக்டருக்கு என் தெர்மோகோல் பெட்டிமேல் கண்.

"உள்ள என்னா சார், மீனா?"

"மருந்து."

"வாடை வந்துச்சுன்னா எறக்கி உட்ருவேன்."

பெட்டி காலிதான், புது மாதிரி எடுத்துவர. ஆனாலும் 'பாக்டீரியா' என்று சொல்லிப் பாருங்கள், நடுவழியில்தான் நிற்பீர்கள்.

முனிராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நாத்துப் பண்ணை ஆளு இல்லியே?" அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். பண்ணையிடம் நஷ்டஈடு வாங்க, வாடிய செடியின் மண்ணைத் தட்டில் தூவி அனுப்பிவிட்டாரோ?

மிச்சத் தட்டுகள் மேல்கொல்லை வரப்பில் இருந்தன. பச்சைப்பசேலென்று, ஈரமாக.

"தண்ணி ஏதுங்க?"

"வாய்க்காத் தண்ணிதான் சார், தெனம் ஊத்தறேன். உங்களுக்கு அனுப்புன தட்டுக்கும் இதான். சாட்சியாச்சே, காய உடலாமா?"

அந்த வாய்க்கால் வாடிய கொல்லைக்குள் புகுந்துதான் வருகிறது. அடக் கடவுளே! நாற்றிலிருந்து கொல்லைக்குப் போனதா, கொல்லையிலிருந்து நாற்றுக்கு வந்ததா, இனி எந்த மரபணுவும் சொல்லாது. இனத்தைச் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. அதை அவரிடம் சொன்னேன்.

அவர் கீழ்க்கொல்லைப் பக்கம் திரும்பினார். "நாத்துலதான்னு உங்க ஆபீஸ்ல போன் பண்ணாங்களே! வேற பண்ணை நாத்து வாங்கி முந்தாநாளே கீழ்க்கொல்லையில நட்டுட்டேனே சார்."

கீழே பார்த்தேன். வாடிய கொல்லையைக் கடந்து அதே வாய்க்கால் புது நாற்றுகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

இப்படி மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: நாற்றைப் பண்ணை வாசலிலேயே வாங்கி மூடுங்கள். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். உறுதியாகும்வரை யாருக்கும் போன் போடாதீர்கள்.

ஓடிப்போய் இருவரும் கீழ்க்கொல்லை மடையை அடைத்தோம். இரண்டு நாளாகப் பாய்ந்த தண்ணீரை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை.