மழைக்கால மாத்திரைகள்

உப்பு சுமக்கும் எஸ்தருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது 2004 கடைசியில். மெதுவாக வளரும் வகை, தினமும் மாத்திரை போட்டால் காலம் தள்ளலாம் என்றார் புதுச்சேரி டாக்டர். மாத்திரை குமட்டியது, முகம் வீங்கியது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் மரக்காணம் உப்பளத்தில் அடுத்த கோடை முழுவதும் கூடை தூக்கினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துப் பாத்திகள் மூழ்கின. வேலை நின்றது. எஸ்தர் மாத்திரையையும் நிறுத்தினாள்.

தை மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"உப்பளம் தொறந்ததும் மறுபடி ஆரம்பிச்சிடுவேங்க."

பக்கத்தில் இருந்த கணவன் சாலமன் திடுக்கிட்டான். "இன்னாடி சொல்ற?"

"வேல செய்யத் தெம்பு வேணும்னுதான அது? சும்மா குந்தினிருக்கறவளுக்கு எதுக்கு? எல்லாத்தையும் டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க லீவு எடுத்தாலும் நோய் லீவு எடுக்காதும்மா. வெள்ளை அணு ஏறிடுச்சு."

"இனிமே போட்டா கேக்குமா?"

"பெரும்பாலும் கேக்கும். சில பேருக்குக் கேக்கறதில்ல. போட்டுத்தான் பாக்கணும்."

டாக்டர் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும் என்று பேருந்து நிலையத்தில் சாலமன் இட்லி வாங்கி வந்தான். "மழைக்கு அரிசி சேத்து வெப்பாங்க. நீ உசுர சேத்து வெச்சிருக்க."

"அப்புறமா திட்டு. தண்ணி குடு."

பேருந்து மரக்காணத்தை நெருங்கியபோது பாத்திகளில் மழைநீர் இன்னும் வடியவில்லை. வேலை தொடங்க நாளாகும். விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிடாமல், எஸ்தர் முந்தானையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள்.