இரண்டடி வேலி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான் புலம்பெயர்ந்து வாழும் லா சப்பலில், தையற்கடையில் என் பக்கத்து மெஷினில் தைப்பவள் சாரா, யூதப் பெண். ஒருநாள் மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். என் சீதனக் காணிக்குக் கதியால் தடிகள் நட்டுப் புது வேலி போட்டிருந்தான். நான் சொன்னபடியே, பக்கத்து வளவுக்குள் இரண்டடி தள்ளி. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்த அந்த வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை.

சாராவுக்கும் பெருமையாகக் காட்டினேன். "உங்களுக்கென்றால் கடவுளே நிலம் தருவதாக வாக்குக் கொடுத்தார். நாங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த வாக்கை எங்கள் ஆட்களே ஆளுக்கொரு விதமாகத்தான் விளங்கிக்கொள்கிறார்கள். தந்தது தந்ததுதான் என்பார் மாமா. அந்த நிலத்தில் அயலவனின் எல்லைக்கல்லை நகர்த்தாதே என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. அப்பா அதைத்தான் முதலில் வாசிப்பார்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். உடனே தம்பிக்குத் திரும்பப் போன் எடுத்தேன்.

"வேலிக் கதியாலெல்லாத்தையும் பிடுங்கிப் பழைய இடத்திலை நடு."

"உனக்கென்ன விசரே அக்கா? ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம். அதாலைதான் சொல்லுறன், நடு."

அடுத்த ஞாயிறு, கடைசிக் கதியாலையும் அவன் மாற்றி நடும்வரை நான் போனை வைக்கவில்லை.

இரண்டடி குறைந்த பிறகுதான் அதை என் காணி என்று கூசாமல் சொல்ல முடிகிறது.