தண்ணீர்க் கணக்கில் எழுதிய கஞ்சி

பைபாஸ் அறுவை முடிந்த இருபத்து மூன்றாம் நாள் காலையில், பனியனில் மார்புக்கு நடுவே ஓர் ஈரப்பொட்டு. வியர்வை என்றாள் என் மனைவி தங்கம். எனக்கு ஒப்பவில்லை. நான்கு பனியன் மாற்றினேன். நான்கிலும் அதே இடம்.

நாகர்கோவிலில் படம் எடுத்துப் பார்த்து ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புக்குள் கிருமி புகுந்து அரிப்பது) என்றார்கள். அறுவையில் பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு கூடவில்லை. ஆறு கம்பிகளில் நான்கை எடுத்து, கெட்ட எலும்பைச் சுரண்டினார்கள். புண்ணை மூடவில்லை. அதன் நீரை உறிஞ்ச ஒரு சிறு மோட்டாரைக் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் ஊசி மருந்து.

"சர்க்கரை இறங்கினால்தான் பக்கத்துத் தசையை இழுத்து மூட முடியும். இல்லாவிட்டால் அதுவும் கெட்டுவிடும்" என்றார் அறுவை மருத்துவர்.

இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. திறந்த நெஞ்சோடு ஆரல்வாய்மொழியிலிருந்து காரில் போய்வந்தேன். வழியில் பதினோரு வேகத்தடை.

சாப்பாட்டையெல்லாம் நோட்டில் எழுதியிருந்தேன். சர்க்கரை மருத்துவர் அதை வாய்விட்டு வாசித்தார். "காலை இட்லி இரண்டு. மதியம் சோறு ஒரு கப். தண்ணீர் எட்டு டம்ளர். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் இருநூற்று எண்பதா?"

"எட்டுல மூணு கஞ்சித்தண்ணியாக்கும் டாக்டர்" என்றாள் தங்கம். "சோறு வடிச்சதும் உப்பு போட்டு இவிய குடிப்பாவ."

"அது வடிச்ச தண்ணிதானே?" என்றேன்.

"ஐயா, சோத்தைக் குறைச்சிட்டு அதோட மாவைக் குடிச்சிருக்கீங்க."

என் கோபம் தங்கத்தின் மேல் திரும்பியது. "உனக்கு முன்னமே சொல்லக்கூடாதா?"

"நோட்டைத் தொட விட்டியளா? சட்னியில கடுகைக்கூட எண்ணுவிய. இதை எண்ணத் தெரியல்ல."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்சுலின் அளவை மாற்றி எழுதினார். கஞ்சித்தண்ணீரை நிறுத்தினேன். பன்னிரண்டு நாளில் சர்க்கரை நூற்று ஐம்பதுக்கு வந்தது. அடுத்த வாரம் நெஞ்சை மூடினார்கள். இதே நிலையில் இருப்பவர்கள், குடிப்பது எதுவானாலும் அதன் பெயரோடு எழுதுங்கள்.

இப்போது இடது மார்புத் தசை நடுவில் கிடக்கிறது. விசிறி சுவிட்சுக்கு இடது கையைத் தூக்கினால் நெஞ்சின் நடுவே சுருங்குகிறது. முதல் நாள் பயந்து தங்கத்தைக் கூப்பிட்டேன். இப்போது கூப்பிடுவதில்லை.

கிருமி திரும்பாது என்று சொல்ல ஓராண்டு போகவேண்டுமாம். அதில் எத்தனை நாள் ஆயிற்று என்று நேற்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் எண்ணி வைத்திருக்கவில்லை. காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.