மாட்டுக் கொட்டகை என்றேன்

எழுபதுகளின் கடைசியில் நான் கங்கைகொண்ட சோழபுரத்தில் பூகோள வாத்தியார். கோயில் பார்க்க வந்த நார்வேக்காரர் ஒருவருக்கு, இங்கிலீஷ் தெரிந்த பெருமையில் ஊரைச் சுற்றிக் காட்டினேன்.

தம் கடற்கரைக்கு வருகிறவர்களுக்காக அச்சடித்த சிறு புத்தகத்தை அவர் பிரித்தார். மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல், மரச்சட்டங்களில் காயும் மீன். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பக்கத்தில் ஒரு மரக்குடிசை.

“வியாபாரிகளிடம் அடிமைப்பட்டுக் கிடந்த மீனவர்களின் குடிசை. என் தாத்தா இதில்தான் படுத்தார். எங்கள் சரித்திரம் இங்கேதான் ஆரம்பம்” என்றார்.

பிறகு ஏரிக்கரையை ஒட்டிய குடிசைகளைக் காட்டி, “இவை யாருடையவை?” என்று கேட்டார்.

எங்கள் வயலில் நடவு நடுகிறவர்களின் தெரு அது. “மாட்டுக் கொட்டகை” என்றேன், கூசாமல்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடிசையிலிருந்து அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

“வாத்தியாரய்யா, தொரை என்னங்க கேக்குறாரு?” என்றாள் அஞ்சலை.

“உங்க வூடெல்லாம் அழகா இருக்காம்.”

அவள் முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப உள்ள வரச் சொல்லுங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போவட்டும்.”

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகும் வருஷா வருஷம் நார்வே பாடம் நடத்தினேன். ஒவ்வொரு தடவையும் என் வாய் எனக்கே நாறியது.