ஓட்டி வந்தவன் மட்டும் இறங்கவில்லை

போன வியாழக்கிழமை திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்றிருந்தேன். மும்பை விமானம் இறங்கியது. அதில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள் — தள்ளுவண்டியோடு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு, தோளில் தூங்கி வழியும் குழந்தையோடு. ஓட்டி வந்தவன் மட்டும் வரவில்லை.

அவனைப் பார்க்கத்தான் மாயவரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போயிருந்தோம்! (மயிலாடுதுறை என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிறது. என் வாய் கேட்டால்தானே?)

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு ஹாஜா பாய் முப்பது வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். மனைவி ஜமீலா அக்கா. ஒரே மகன் ரியாஸ், பைலட். ஒரு தனியார் விமானக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அப்பா வந்த கையோடு மகன் கிளம்பிவிட்டான்.

"இந்த வீட்ல ஒரு நேரத்துல ஒரு ஆம்பளதான் இருக்கணும்னு எழுதியிருக்கு போல" என்பார் ஜமீலா அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் அடுப்பங்கரைக்குள் போய்விடுவார்.

ரியாஸுக்கு வேலை கிடைத்த அன்று தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். அதோடு 'பேஸ்' என்றொரு புது வார்த்தையும் தெருவுக்கு வந்தது. பைலட் எந்த ஊரில் டியூட்டிக்கு ஏறுகிறாரோ, எங்கே சுற்றினாலும் எந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டுமோ, அந்த ஊர்தான் அவருக்கு பேஸ். ரியாஸ் சென்னை கேட்டான். கொடுத்தது மும்பை. புதிதாகச் சேர்கிறவர்களை எங்கே ஆள் குறைகிறதோ அங்கேதான் போடுவார்களாம். சென்னைக்கு சீனியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாராவது விலகினால், யாராவது வேறு கம்பெனிக்குத் தாவினால், வரிசை ஓர் அடி நகரும்.

"எங்க சுத்தினாலும் அங்கதான் திரும்பி வரணும்னா, அதுக்குப் பேரு வீடுதானடா?" என்று கேட்டார் ஜமீலா அக்கா.

"வீடு இல்லம்மா, பேஸ்" என்றான் ரியாஸ்.

ஹாஜா பாய்க்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அவர் முதன்முதலில் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியதும் பம்பாயில்தான். விசா வரும்வரை ஏஜெண்ட் காட்டிய லாட்ஜில், ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்துக் கிடந்தாராம். இப்போது மகனும் அதே ஊரில், இன்னும் மூன்று பைலட்டுகளோடு ஒரு வாடகை ஃபிளாட்டில். தலைமுறை முன்னேறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறையைப் பங்கு போடுவது மாறவில்லையே?

"மும்பையில் டியூட்டி என்றால் என்ன, லீவு நாளில் விமானத்தில் வந்துவிட்டுப் போகலாமே... அவனுக்கு ஓசிதானே?" என்று நானும்தான் கேட்டேன். இப்படி வீடு ஓர் ஊரிலும் பேஸ் ஓர் ஊரிலுமாகப் போய்வரும் பைலட்டுகள் நிறைய உண்டாம். ஆனால் ஸ்டாஃப் டிக்கெட் என்பது, சீட் மிஞ்சினால்தான் டிக்கெட். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு காலி இருந்தால் கூப்பிடுவார்கள். அதுவும் சென்னை வரைதான். அங்கிருந்து மாயவரத்துக்கு பஸ். இரண்டு நாள் லீவில் வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. திரும்பிப் போகிற விமானத்தில் சீட் கிடைக்காமல் டியூட்டி தவறினால் வேலைக்கே கெட்ட பெயர்.

அப்படியும் ஒரு தடவை வந்தான். குளித்தான், சாப்பிட்டான், சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அடுத்த தடவை மும்பை ஏர்போர்ட்டிலேயே மூன்று விமானங்களை அனுப்பிவைத்துவிட்டு அறைக்குத் திரும்பினான். மூன்றும் ஹவுஸ்ஃபுல்.

"ஓட்டுறவனுக்கே சீட் இல்லையா? இது என்னங்க அநியாயம்!" என்று ஜமீலா அக்கா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

பெருநாளுக்கும் அவன் வரவில்லை. அன்றைக்கு வானத்தில் இருந்தான். தைத்து வைத்த புதுச் சட்டை பீரோவிலேயே இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் போன வாரம் போன் வந்தது. கம்பெனி புதிதாக விட்டிருக்கும் மும்பை–திருச்சி–மும்பை விமானத்துக்கு ரியாஸை ரோஸ்டரில், அதாவது டியூட்டிப் பட்டியலில், போட்டிருக்கிறார்கள் என்று. ரியாஸ் பாவம், தெளிவாகத்தான் சொன்னான். "வெளிய வர முடியாதும்மா. ஆளை இறக்கி, ஆளை ஏத்தி, முக்கால் மணி நேரத்துல திரும்பணும். நீங்க யாரும் வராதீங்க."

வராதீங்கவா? திருச்சியில் விமானம் இறங்குகிறது, அதில் நம் வீட்டுப் பிள்ளை இருக்கிறான், போகாமல் இருப்பதா?

"முக்கால் மணி நேரம் போதாதா? மாயவரம் பஸ்ஸு கும்பகோணத்துல நின்னா டிரைவரு இறங்கி டீ குடிக்கலையா?" என்றார் ஜமீலா அக்கா.

ஹாஜா பாய் அதற்கு மேல். "நான் பாக்காத ஏர்போர்ட்டா? பைலட்டுங்க தொப்பியும் பெட்டியுமா டக்கு டக்குன்னு நடந்து வெளிய வர்றத எத்தன தடவ பாத்திருக்கேன்! வருவான், நீ சோத்தக் கட்டு."

எங்கள் பக்கத்தில் ஏர்போர்ட்டுக்கு வேன் பிடிப்பது ஒரு சடங்கு. ஒருத்தரை அழைத்து வரப் பதினைந்து பேர் போவோம். வாந்தி எடுக்கும் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் ஒருத்தர் இருப்பார். (நான்தான்.) ஹாஜா பாய் லீவில் வந்த ஒவ்வொரு தடவையும் அந்த வேனில் நான் போயிருக்கிறேன். இந்தத் தடவை என்ன வித்தியாசம் என்றால், ஹாஜா பாயும் எங்களோடு வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். அவருக்கே அது புதுசு. கால் வைக்க இடம் தெரியாமல் தவித்தார்.

நெய்ச்சோறு, தாளிச்சா, கோழி, எல்லாம் தூக்குகளில். ஜமீலா அக்கா தன் மடியில் மட்டும் ஒரு அடுக்கு டிபன் கேரியரை வைத்திருந்தார். அது ரியாஸுக்கு. யாரையும் தொட விடவில்லை.

குறுவை அறுப்பு முடிந்த நேரம். பாபநாசம் தாண்டியதும் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் எதிரே லாரி. வேன் ஊர்ந்தது. "நெல்லு மேல ஏத்துங்க தம்பி, பரவாயில்ல" என்று ஹாஜா பாயே சொல்லிவிட்டார். டிரைவர் திரும்பி ஒரு முறை முறைத்தார் பாருங்கள்... ஏழு தலைமுறைக்கும் விவசாயி போல.

எப்படியோ, விமானம் இறங்குவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. ஜமீலா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தார். வளைகுடாவிலிருந்து மும்பை வழியாக வந்த ஒரு பெரியவரை நிறுத்தி, "ஃப்ளைட்டு நல்லா வந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"நல்லா வந்துச்சும்மா. எறக்கினதே தெரியல" என்றார் அவர்.

"எம் மவன்தான் ஓட்டிட்டு வந்தது!"

பெரியவர் வண்டியை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ரியாஸ் கோ-பைலட்தான், இறக்கியது பக்கத்து சீட்டு கேப்டனாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

கூட்டம் குறைந்தது. கடைசித் தள்ளுவண்டியும் போனது. வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்து, "அவ்ளோதாங்க, எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

எல்லாரும் வந்தாச்சா?

அப்போதுதான் ஜமீலா அக்காவின் போன் அடித்தது. ரியாஸ்.

"வராதீங்கன்னேனேம்மா... ஏர்போர்ட் சத்தம் கேக்குது, வந்துட்டீங்களா?"

"எங்கடா இருக்க?"

"உங்களுக்கு நேர் எதிர்ல. ஃப்ளைட்டச் சுத்திப் பாத்து செக் பண்ணிட்டிருந்தேன். நடுவுல கட்டடம் ஒண்ணுதான்."

"ஒரு தடவ வந்து முகத்தக் காட்டிட்டுப் போடா ராஜா."

"முடியாதும்மா. தினமும் வீடியோல பாக்குறீங்கல்ல?"

"அது முகமாடா?"

பிறகு, "சாப்பிட்டியா?" என்றார் ஜமீலா அக்கா. ஏதோ பாக்கெட் சாப்பாடு கொடுத்திருக்கிறார்களாம். "சரி, வேலையப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அழவில்லை. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வேனுக்கு நடந்தார்.

"வீட்டுக்கா?" என்று கேட்டார் ஹாஜா பாய்.

"இல்ல. ரோட்டுக்கு."

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்து, ரோட்டோரமாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தச் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். சொல்லாமலே இறங்கினோம். அங்கே நின்றால் மதில் சுவருக்கு மேலே விமானம் கிளம்பி ஏறுவது தெரியும். ஹாஜா பாய்க்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"இந்த இடம் எப்படித் தெரியும் உனக்கு?"

"நீங்க போறப்பல்லாம் இங்கதான நிப்போம்?"

"நான் உள்ள போனதும் நீங்க கெளம்பிட மாட்டீங்களா?"

ஜமீலா அக்கா அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. முப்பது வருஷம், ஒவ்வொரு லீவு முடிவிலும் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறோம். ஒருத்தர்கூட அவரிடம் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம் போல.

"உள்ள போயி உக்காந்து ஒரு டீ குடிப்பேன்" என்றார் ஹாஜா பாய், மெதுவாக. "இந்நேரம் தஞ்சாவூர் தாண்டியிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்."

விமானம் வந்தது. சுவருக்கு மேலே வால் தெரிந்தது, பிறகு சத்தம், பிறகு முழு விமானமும் எங்கள் தலைக்கு மேலே. நாங்கள் பழக்கப்படி கை ஆட்டினோம். ஹாஜா பாய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். இத்தனை வருஷமாக விமானத்துக்குள்ளேயே இருந்த மனிதர், கீழே நின்று கை ஆட்டுவது அதுதான் முதல் தடவை.

"ஜமீலா, அவனுக்கு நம்மளத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

ஹாஜா பாய் தலையைக் குனிந்துகொண்டார். விமானம் புள்ளியாகியும் அவர் நகரவில்லை. "அவ்ளோதாங்க. இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, வாங்க" என்று அக்காதான் கையைப் பிடித்து வேனுக்கு அழைத்து வந்தார்.

டிபன் கேரியரை அங்கேயே திறந்தார். முதல் தட்டு டிரைவருக்கு. அவரும் யார் பெற்ற பிள்ளையோ, காலையிலிருந்து ஓட்டுகிறார் என்றார். டிரைவர் நெல் விஷயத்தை மறந்துவிட்டு இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வேன் தஞ்சாவூரைத் தாண்டியது. அப்புறம் ஹாஜா பாய் ஆரம்பித்தார்.

"ஜமீலா... அவனுக்குச் சென்னை கிடைக்கிற வரைக்கும் நான் வேணா மும்பை போயி இருக்கட்டுமா? சோறு கீறு பொங்கிப் போட்டுக்கிட்டு, அவன்கூடத் தொணையா..."

ஜமீலா அக்கா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவே இல்லை.

"இந்தாங்க, உங்களுக்கு பேஸ் மாயவரம். டிரான்ஸ்ஃபர்லாம் கிடையாது."

ஹாஜா பாய் அப்பீல் செய்யவில்லை.